அருகு வேரோட மண் வழிவிட வேண்டும்

செகந்திராபாத்தின் மேற்கு மாரெட்பள்ளியில், தோட்டம் சூழ்ந்த பழைய பங்களாக்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. இப்படிப் புதிதாகக் கட்டிய வீடுகளில் பெயின்ட் வாசனை போவதற்குள் வாசலில் ஒரு மினி லாரி வந்து நிற்கும். உள்ளே சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய புல். காலையில் வெறும் தரையாகக் கிடந்த இடம் மாலையில் பச்சைக் கம்பளம். மூன்று வாரம் கழித்து ஓரங்கள் வைக்கோல் நிறத்துக்கு மாறும்போதுதான் கவலை தொடங்கும். “தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறோமே, ஏன் காயுது?”

பெர்முடா என்று நர்சரிகளில் விற்கும் புல் நமக்கு அந்நியமில்லை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது, தெலுங்கில் கரிக்க. புல்வெளிக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்களும் கலப்பினங்களும் உண்டு. அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் உருவாகி 1960-இல் வெளியான ‘டிஃப்வே 419’ உலகெங்கும் விளையாட்டு மைதானங்களில் பரவிய கலப்பினம். அதன் பெற்றோரிலும் ஒன்று அருகுதான். மணமக்களை ‘அருகுபோல் வேரோடி’ வாழ வாழ்த்துகிறோமே, அது வெறும் அலங்காரமில்லை. நல்ல மண்ணில் இதன் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது.

ஆனால் கட்டடம் எழுந்த மனையில் வேர் எங்கே இறங்கும்? அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் மேலே வந்து பரவியிருக்கும். அதன்மேல் ஜல்லி லாரியும் கான்கிரீட் வண்டியும் மாதக்கணக்கில் ஓடியிருக்கும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. ஈரத்தில் அழுத்தினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு, காற்றும் நீரும் போகும் துளைகள் அடைபட்டுவிடும். கிரிக்கெட் பிட்ச்சில் களிமண்ணை நனைத்து ரோலர் ஓட்டுவது இதற்காகவேதான். பந்து எழும்ப அது தேவை. வீட்டுத் தோட்டத்தில் லாரிச் சக்கரம் அதே வேலையை, யாரும் கேட்காமலே, செய்துவிட்டுப் போகிறது.

புல்லோடு ஒட்டிவரும் செம்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கீழே பாறைபோல் களிமண் இருந்தால் வேர் அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே சுருண்டு நிற்கும். தினமும் இரு வேளை தெளிக்கும் தண்ணீர் மேலேயே கிடைப்பதால், கீழே போக அதற்குக் காரணமும் இல்லை. மே மாத வெயிலில் அந்த அடுக்கு ஒரே பகலில் காய்ந்துவிடுகிறது.

முதல் பத்து, பதினைந்து நாள் மட்டும் புல்லும் அடிமண்ணும் காயாமல் அடிக்கடி தண்ணீர் தேவை. பிறகு ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். பாய்போல் எழுந்து வந்தால் இன்னும் பிடிக்கவில்லை. தூக்கும்போது எதிர்த்து இழுத்து, அடியில் வெள்ளை நூலாக வேர்கள் தெரிந்தால் பிடித்துவிட்டது. அதன்பின் இடைவெளி விட்டு, ஆழமாக நனைக்க வேண்டும். இறுகிய களிமண்ணில் நீர் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் கால் மணி நேரம் விட்டு, நிறுத்தி, ஊறியதும் மறுபடி விடுவதே பலன் தரும். போதுமா என்று அறிய நீண்ட ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் போதும். அது எவ்வளவு இறங்குகிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஈரம். மண் சொதசொதவென்று இருக்கும்போது மேலே நடக்கக் கூடாது. ஒவ்வொரு காலடியும் ஒரு சின்ன ரோலர். முதல் வெட்டு வேர் பிடித்த பிறகு. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

நாலு கூடை மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் அது இளகாது, செங்கல்போல் இறுகும். ஜிப்சமும் உப்புச்சத்தான சோடியம் மிகுந்த மண்ணில்தான் வேலை செய்யும். நன்றாக மக்கிய எருவை அரை சென்டிமீட்டர் அளவு தூவிவருவதே நம்பகமான வழி. புல் விரிக்கும் முன்பே பதினைந்து சென்டிமீட்டர் கொத்தி எருவைக் கலந்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது. அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிப்பதுதான் பின்னால் பெரிய செலவாகிறது.

விரித்தாகிவிட்டதென்றால், புல் நன்றாகப் பிடித்து வேகமாக வளரும் மழைக்காலம் வரை பொறுத்து, மண்ணைத் துளையிடலாம். வெறும் கம்பியால் குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும். குழாய்போல் உள்ளீடற்ற முனை கொண்ட கருவி, மண்ணை விரல் நீளத் துண்டுகளாக வெளியே எடுத்துப் போடும். அந்தத் துண்டுகளைப் பெருக்கித் தள்ள வேண்டியதில்லை. காய்ந்ததும் உடைத்து எருவோடு பரப்பிவிட்டால், அடுத்த மழையில் கரைந்து அந்தத் துளைகளுக்குள்ளேயே இறங்கிவிடும்.