சாவி யாரிடம் இருக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆடிட் தேதி சொல்லிவிட்டால், முதலில் வாங்குவது ஃபினாயில். அடுத்தது மஞ்சள் பெயின்ட். தையல் வரிசைகளுக்கு நடுவே தேய்ந்துபோன நடைபாதைக் கோடுகள் ஒரே ராத்திரியில் பளிச்சென்று ஆகிவிடும். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்குப் புது மாஸ்க் வரும். நான் போகும்போது தரையில் முகம் பார்க்கலாம். அதனால் நான் தரையைப் பார்ப்பதில்லை, அண்ணாந்துதான் பார்ப்பேன். டியூப்லைட் பட்டியின் மேலும் பேனல் போர்டின் தலையிலும் படிந்திருக்கும் பஞ்சை யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். துணியிலிருந்து உதிர்கிற அந்தப் பஞ்சுக்கு ஒரு பொறி போதும்.

வெளிநாட்டு பையர்களுக்காகக் கம்பெனிகளுக்குள் போய், தொழிலாளர் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொடுப்பது என் வேலை. சர்க்கார் ஆள் என்று நினைத்து எழுந்து நிற்பவர்களும் உண்டு. அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வந்த காலத்திலிருந்து ஆலைக்குள் நுழையவும், பதிவேட்டைக் கேட்கவும், வழக்குப் போடவும் உரிமை உள்ளவர் அரசு ஆய்வாளர்தான். தமிழ்நாட்டில் அவர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தவர். என் அறிக்கையால் ஆர்டர் போகலாம், அவ்வளவுதான். ஆனால் அபராதத்துக்குப் பயப்படாத முதலாளியும் ஆர்டருக்குப் பயப்படுவார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் என் கட்டணத்தைக் கட்டுவது அந்தக் கம்பெனியேதான். பரீட்சை எழுதுகிற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரியான இந்த ஏற்பாடு சரியென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் போகும் ஆடிட் உண்டு. இந்தச் சில வாரங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவோம் என்று மட்டும் சொல்லும் ஆடிட் உண்டு. சொல்லாமலே போய் நிற்பதும் உண்டு. என்னைக் கேட்டால் ஷிப்மென்ட் நாளில் போக வேண்டும். அட்டைப்பெட்டிகள் எங்கே ஏறி நிற்கின்றன, எந்தப் படிக்கட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

கட்டிங் செக்‌ஷனில் பேண்ட் நைஃப் என்றொரு மிஷின் உண்டு. நாடா போன்ற கத்தி ஓடிக்கொண்டே இருக்கும். அடுக்கிய துணியைக் கையால் தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும். விரல் போகாமலிருக்க, சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை கொடுப்பார்கள். அது ஆணியில் பளபளவென்று தொங்கினால் யாரும் போடவில்லை என்று அர்த்தம். போட்டு வேலை செய்த கையுறையின் வளையங்களுக்குள் பஞ்சு அடைந்திருக்கும்.

ஒரு கம்பெனியில் அப்படிப் பளபளத்த கையுறையைக் காட்டி, "ஏன் போடறதில்லீங்க?" என்று கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "போட்டா துணி கைக்கு நிக்க மாட்டேங்குதுங்க மேடம்" என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். விரல் நுனிக்கு மேல் அரை அங்குலம் காலியாகத் தொங்கியது. எல்லோருக்கும் ஒரே பெரிய சைஸ் வாங்கியிருந்தார்கள். 'தொழிலாளர் பாதுகாப்புச் சாதனம் அணியவில்லை' என்று எழுதிவிட்டு வந்திருந்தால் அந்த மனுஷனுக்குத் திட்டு விழுந்திருக்கும், கையுறை ஆணியிலேயே இருந்திருக்கும்.

முதலுதவிப் பெட்டியும் இப்படித்தான். நிறைந்து வழிந்தால் எனக்குச் சந்தேகம். இத்தனை ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்கள் ஓடும் இடத்தில் விரலில் ஊசி ஏறாமலா இருக்கும்? ஒடிந்த ஊசிக்கு மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கும். துண்டுகளையெல்லாம் தேடிப் பொறுக்கி, நோட்டில் ஒட்டி, கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். துணியோடு போய்விட்டால் பையர் நாட்டுக் குழந்தையைக் குத்திவிடும் அல்லவா! அதே ஊசி ஏறிய விரல் யாருடையது என்று விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் மாதக்கணக்கில் வெறும் தாள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் அவசர வழிக் கதவு. மேலே பச்சை விளக்கு எரியும், அம்புக்குறி இருக்கும், கதவில் பூட்டும் தொங்கும். ஓரிடத்தில் சாவி எங்கே என்று கேட்டேன். "வாட்ச்மேன்கிட்ட இருக்குதுங்க மேடம், கூப்பிட்டா உடனே வந்துருவாருங்க" என்றார் மேனேஜர். கூப்பிடச் சொன்னேன். வாட்ச்மேன் டீக்கடைக்குப் போயிருந்தார்.

கராச்சியின் பல்தியா பகுதியில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு, சமூகப் பொறுப்புக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் 2012 ஆகஸ்டில் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வழிகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் வைத்த தீ அது என்று 2020-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். தீயை யார் வைத்திருந்தாலும் வெளியே போகக் கதவு திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஆடிட்டரை அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த தையல் ஆலைகள் தொழிலாளர்களை உள்ளே அனுப்பின. அந்த ஆலைகளில் சிலவும் ஆடிட் பார்த்தவைதான். ஆடிட்டர்களின் பட்டியலில் சம்பளம் இருந்தது, வயதுச் சான்று இருந்தது. கட்டடம் நிற்குமா என்ற கேள்வி இல்லை, அதைச் சொல்லும் படிப்பும் அவர்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

அதற்குப் பிறகு பங்களாதேஷில் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 'அக்கார்ட்' என்ற ஒப்பந்தம் போட்டார்கள். அதை ஒருவிதப் பொறாமையோடுதான் பார்க்கிறேன். கட்டடத்துக்கு, மின்சாரத்துக்கு, தீக்கு என்று தனித்தனிப் பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போனார்கள். அறிக்கை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியானது. கையெழுத்துப் போட்ட பிராண்டைச் சட்டப்படி கட்டுப்படுத்தவும் முடிந்தது. அங்கே மாடிப்படி வாசல்களில் இருந்த இழுவைக் கதவுகளையும் பூட்டுகளையும் எடுத்துவிட்டு, தீயைத் தாங்கும் கதவுகளைப் போட வைத்தார்கள். என் அறிக்கையையோ கம்பெனியும் பையரும் படிப்பார்கள். கம்பெனிக்குள் வேலை செய்கிற பெண் படிப்பதில்லை.

அந்த வாட்ச்மேன் கதைக்கு வருகிறேன். பூட்டை எழுதிக்கொண்டேன். பத்து நாளில் பூட்டில்லாத கதவின் போட்டோ மெயிலில் வந்தது. விதிப்படி அத்தோடு குறை தீர்ந்தது. அடுத்த முறை போனபோது பூட்டு பழைய இடத்திலேயே தொங்கியது. மேனேஜரை உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பின்பக்கக் கதவு சந்தில் திறக்கிறது, அந்த வழியாகப் பீஸ் காணாமல் போகிறது, கணக்குக் குறைந்தால் அவர் தலையில் விழுகிறது. அவர் பயம் நியாயமானது. தீ என்றைக்கோ ஒருநாள் வரலாம், திருட்டு மாதாமாதம் வருகிறது. உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும் கம்பியைக் கதவில் போட்டு, திறந்தால் அலறும் மணியையும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். வெளியிலிருந்து திறக்காது, உள்ளிருந்து திறந்தால் ஊருக்கே கேட்கும். போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே பூட்டைப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனியில் தமிழ் தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனிடம், கரண்ட் போய்ப் புகை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். தினமும் காலையில் வரும் முன்வாசலைக் காட்டினான். பின்கதவு அவன் மிஷினுக்கு நாலு எட்டில் இருந்தது. பதற்றத்தில் எவரும் தெரிந்த வழியைத்தான் தேடுவார்கள், அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு மாக் டிரில் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் காலை பதினொரு மணி, டீ டைமுக்குப் பிறகு, முன்வாசல் வழியாக. இங்கே சம்பளம் பேசுவதே ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்றுதான். ஒன்றரை என்றால் பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கடைசி அரை ஷிப்டில், ஆட்கள் களைத்துப்போய் இருக்கும்போது ஒரு டிரில்கூட நடந்ததில்லை.

அடுத்த டிரில்லை முன்வாசலை அடைத்துவிட்டு நடத்துங்கள் என்றேன். நானும் நின்றேன். மணி அடித்தது. பாதிப் பேர் அடைத்த முன்வாசலுக்கே போய் முட்டி நின்றார்கள். அவர்களுக்குள் மேனேஜரும் இருந்தார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவர், "அடுத்ததை ராத்திரி எட்டு மணிக்கு வெச்சுப் பார்த்தரலாமுங்க" என்று அவராகவே சொன்னார்.