பள்ளிக்கூடமும் பாடும் ஒரே கேள்விதான்

2025 ஆகஸ்ட் 29 அன்று திருவள்ளூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சசிகாந்த் செந்தில் உண்ணாவிரதம் தொடங்கினார். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருந்தது. உண்ணாவிரதத்தின்போது உடல்நிலை மோசமாகி அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருடைய தொகுதியின் கடலோர ஓரத்தில், பொன்னேரி வட்டத்தில், காட்டுப்பள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் எண்ணூர்க் கழிமுகம், நடுவில் மணல்திட்டு. அந்தத் திட்டின் மேல் துறைமுகம், பக்கத்தில் காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம். இப்படிப்பட்ட ஓர் ஊரின் பள்ளிக்கூடப் பிரச்சினையும் பிழைப்புப் பிரச்சினையும் நாடாளுமன்றத்தில்தான் பேசப்பட வேண்டும், இரண்டும் ஒன்றாகவே பேசப்பட வேண்டும் என்பது என் வாதம்.

ஏன் ஒன்றாக? பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்றைக்கு வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வது. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர்கள் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அன்றன்று வரும் இந்தக் காசில்தான் நோட்டுப் புத்தகமும் பஸ் கட்டணமும் நடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகமெங்கும் படிந்தபோது, மாநில அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. நாள் வருமானத்தை நம்பியிருக்கும் வீட்டில் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? தொழில் முடங்கிய வீட்டில் பிள்ளையின் படிப்புதான் முதலில் அடிபடும். தொழிற்சாலைப் பகுதியில் வகுப்பறைக்கே ஆபத்து வருவதும் உண்டு. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மயக்கமும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. பள்ளியை மறுபடி திறந்தபோதும் சிலருக்கு அதே பாதிப்பு வந்தது.

‘பள்ளிக்கூடம், மீன்பிடி எல்லாம் உள்ளூர் சமாச்சாரம், அதற்குக் கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கல்வி 1976ஆம் ஆண்டின் 42வது திருத்தத்தோடு பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. சமக்ர சிக்ஷாவில் நூற்றுக்கு அறுபது ரூபாய் டெல்லியிலிருந்து வர வேண்டும். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளின் போக்குவரத்து, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி, ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதி எல்லாம் அதில் அடக்கம். காமராஜர் துறைமுகம் ஒன்றிய அரசின் கீழ் வருவது. சிபிசிஎல் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியாருடையது, மாநிலத்தின் சிறு துறைமுகப் பட்டியலில் இருப்பது. ஆனாலும் அதன் விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர வேண்டியது ஒன்றிய அமைச்சகம். ஊராட்சி மன்றத் தலைவர் இதில் எந்தக் கோப்பைத் திறக்க முடியும்? துறைமுகம் ஓர் அமைச்சர், சுற்றுச்சூழல் இன்னோர் அமைச்சர், மீன்வளம் வேறொருவர், கல்வி மற்றொருவர் என்று பிரிந்து கிடப்பதை ஒரே அவையில் கூட்டிக் கேட்கும் இடத்தில் இருப்பவர் தொகுதி உறுப்பினர்தான்.

‘பேசி என்ன ஆகப் போகிறது, இரண்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்’ என்ற சலிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜ்ய நேரத்தில் பேசினால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் கைபேசியில் பகிர்வதோடு நின்றுபோகும். ஆனால் எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தாக வேண்டும், அது பதிவேட்டில் நிற்கும். ‘பரிசீலிக்கிறோம்’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள மக்களவைக் குழு விசாரிக்கும். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களில் பணம் போட்டது பற்றி அவையில் கேள்வி எழுந்தது. மழுப்பலான பதிலை பெரோஸ் காந்தி விடாமல் துரத்தியதில் விசாரணை வந்தது, 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வியின் பலம் அதைத் துரத்துவதில் இருக்கிறது. பிரிட்டன் பொதுச்சபையில் நாள்தோறும் அவை கலையுமுன் அரைமணி நேரம் ஓர் உறுப்பினருக்கு ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் தொகுதிப் பிரச்சினைதான் பேசப்படும், அமைச்சர் நின்று பதில் சொல்வார். நம் அவைக்கும் அப்படியொரு வழக்கம் வந்தால் நல்லது.

கனமான மறுப்பு இன்னொன்று இருக்கிறது. துறைமுகம் வந்தால் வேலை வரும், அதை எதிர்ப்பது பிள்ளைகளின் எதிர்காலத்தையே எதிர்ப்பது என்கிறார்கள். அப்படியானால் வேலையைப் பற்றியே கேட்போம். எல் அண்டு டி கட்டி, 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தார், ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கக் கோரிப் போராடியவர்கள். 330 ஏக்கரை 6,110 ஏக்கராக, அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து, விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதன் பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்துத் தள்ளிப்போடப்பட்டது. பெட்டகத் துறைமுகத்தில் நல்ல சம்பளம் கிரேன் இயக்குபவருக்கும் கணினியில் சரக்கைக் கணக்கு வைப்பவருக்கும்தான். அந்த நாற்காலியில் குப்பத்துப் பிள்ளை உட்கார வேண்டுமானால் பள்ளிக்கூடம் தடையில்லாமல் நடக்க வேண்டும். கடலை எடுத்துக்கொண்டு, அதே காலத்தில் பள்ளிக்கான பணத்தையும் நிறுத்தி வைத்துவிட்டு, வேலை வரும் என்று சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

மக்களவை விதி 377இன் கீழ் உறுப்பினர் எழுதித் தரும் கோரிக்கை 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மீனவர் பஞ்சாயத்துகள் இருக்கின்றன, அரசுப் பள்ளிகள்தோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. இந்த இரு தரப்பினரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள், எத்தனை நாள் வலை இறங்கவில்லை, எத்தனை பேருக்கு வேலை நிரந்தரமானது என்று கணக்கெடுத்து, அந்த 250 சொற்களைத் தாங்களே எழுதித் தங்கள் உறுப்பினர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.