சேது பொறித்த செம்புக்காசு

ஏட்டைக் கற்பித்தலே தொழிலாகக் கொண்ட யான், மண்ணிற் கிடைக்கும் பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பதை ஓய்வுக்காலப் பணியாக மேற்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. “தமிழ்ப் பண்டிதருக்குச் செல்லாக் காசு எதற்கு?” என்று நண்பர் நகைப்பதுண்டு. எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராய்வோனுக்கு இரண்டே எழுத்தாலான நூலொன்று கிடைக்குமாயின் அதனை விடலாமோ? அத்தகைய நூலே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசு.

இக்காசுகள் பெரும்பாலுஞ் செம்பினாலானவை. ஒருபுறத்தே நின்ற கோலத்தில் ஓர் உருவம். மறுபுறத்தே படுத்திருக்கும் நந்தி. நந்தியின் கீழே ‘சேது’ என்னுஞ் சொல். நின்ற உருவம் சோழர் காசுகளிலும் பொலனறுவை மன்னர் காசுகளிலுங் காணப்படும் உருவத்தின் வழிவந்தது. ஆயின், இராசராசனும் பராக்கிரமபாகுவும் தம் பெயரை நாகரி எழுத்திற் பொறித்தனர். நம் மன்னரோ தமிழ் எழுத்திற் பொறித்தனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இக்காசு யாருடையது என்பதிலே முன்னர் வழக்கிருந்தது. சேது என்பது இராமேசுவரத்தைச் சார்ந்த பெயராதலின், இராமநாதபுரத்துச் சேதுபதிகளே இதனை வெளியிட்டனர் எனச் சிலர் கொண்டனர். யாழ்ப்பாண அரசருக்கு நாணயம் உண்டென்பதே மறக்கப்பட்டிருந்தது. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் செ. இராசநாயகமும் அம்மறதியைப் போக்க முற்பட்டனர். இலங்கை நாணயங்கள் பற்றி 1924 இல் வெளிவந்த தம் பெருநூலிற் கொட்றிங்ரனும் இவற்றை யாழ்ப்பாண அரசர்க்கே உரியனவாக வைத்தார்.

அவ்வாறு துணிதற்கு ஏதுக்கள் பல. சேதுபதிகளின் ஆட்சி 1605 அளவிலேயே நிலைபெற்றது. காசுகளின் எழுத்தமைதியோ அதற்கு முற்பட்டது. கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமவில் ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறுந் தமிழ்க் கல்வெட்டும் ‘சேது’ என்னும் மங்கலச் சொல்லோடே தொடங்குகின்றது. இவற்றுக்குத் துணையாக நிற்பது காசுகள் கிடைத்த இடம். குடாநாட்டு மண்ணிலே அவை மிகுதியாகக் கிடைத்தன. வழக்கைத் தீர்த்த சாட்சிகளுள் இம்மண்ணும் ஒன்று என்க.

இதனாற் சேர்ப்போர் கற்க வேண்டுவதொன்றுண்டு. காசு கிடைத்த இடத்தை மறந்தவன் அதன் பாதி வரலாற்றை இழந்தவனாவான். பேழையிலே அழகாக அடுக்கிய நூறு காசுகளினும், ‘கந்தரோடையில், இன்ன தோட்டத்தில், கிணறு வெட்டும்போது, இத்தனை முழ ஆழத்தில்’ என்னுங் குறிப்புடைய ஒரு தேய்ந்த காசே ஆராய்ச்சியாளனுக்குப் பெரிது. என்னிடமுள்ள குறிப்பேட்டை எடைபோட்டு வாங்குவாரில்லை. எனினும், காசுகளையும் ஏட்டையும் பிரிக்க நேரின் யான் முதலிற் காப்பது ஏட்டையே.

காசுக்குப் பகை பல. களிம்பு படிந்த செம்பைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார் உளர். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். பழஞ்செம்பென்று நிறுத்து விற்கப்பட்டு உலைக்குள் மறைந்தவை எத்தனையோ! திருமணத்துக்கு முன் பொன்னுருக்கும் மங்கல வழக்கம் நமக்குரியது. பாட்டியின் பேழையிலிருந்த பழைய பொற்காசு தாலியாகுங்கால் வாழ்த்தவே வேண்டும். ஆயினும், உருக்குமுன் அதன் இருபுறத்தையும் படமெடுத்து வைத்தலால் மங்கலம் குறையாது.

இவற்றினும் பெரும்பகை இடப்பெயர்வு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகள் சாம்பராயின. 1995 இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே வெளியேறியபோது கையிலெடுக்க முடிந்தது சிறிது; விட்டுச் சென்றது பெரிது. செம்பு தீயையும் மழையையும் ஓரளவு தாங்கும். ‘இது எங்கள் வளவிற் கிடைத்தது’ என்று சொல்ல வல்ல முதியவரின் நினைவோ தாங்காது. இன்று கடல்கடந்து வாழும் இல்லங்களில் ஊர் தெரியாக் காசுகள் உறங்குகின்றன. அவற்றுக்கு ஊர் சொல்லக்கூடியோர் ஆண்டுதோறுங் குறைகின்றனர்.

மாணாக்கர் இப்பணியை எளிதிலே தொடங்கலாம். ஒல்லாந்தர் கும்பனியின் முத்திரை பொறித்த செப்புத் துட்டு நம்மூரிற் பலர் வீட்டிலுண்டு. துட்டு என்னுஞ் சொல்லே ஒல்லாந்தர் தந்தது. அவர் ஆட்சி 1658 இலிருந்து 1795 வரையில் நடந்து முடிந்தது. சொல் இன்றும் வழங்குகின்றது. அதிலிருந்து தொடங்கிப் பிரித்தானியர் காலத்துச் சதம் வரை ஒழுங்குபடுத்தினால் வரலாற்றுப் பாடம் உள்ளங்கையில் அமையும்.

ஒன்று மட்டுங் கூறுவேன்: காசு தேடி நிலத்தை அகழாதீர். உரிமம் பெறாது அகழ்தலையும், பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலையும் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது. தற்செயலாகக் கிடைத்தால் தேய்க்காமல், கிடைத்த இடமும் நாளும் எழுதி, தொல்பொருட் டிணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் முதலியோர் தமிழிலே செய்துள்ள நாணய ஆய்வுகளையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1619 இல் யாழ்ப்பாண அரசு பறங்கியர் வசமாயிற்று. அரண்மனை அழிந்தது, நல்லூர்க் கோயிலும் பின்னர் இடிக்கப்பட்டது. அவ்வரசர் தம் கையாலே வழங்கிய இரண்டு தமிழெழுத்து மட்டும் மண்ணினுள்ளிருந்து இன்னும் வெளிப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அதனை வாசித்தல் ஒரு கடமை. அது கிடைத்த இடத்தை எழுதிவைத்தல் அதனினும் மேலான கடமை.