44 வயதில் ஒரு தொடக்கம்!

"நாற்பதைத் தாண்டியாச்சு, இனிமே எனக்கென்ன வேண்டிக்கிடக்கு?" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு பெண்மணியை அறிமுகம் செய்துவைக்க ஆசைப்படுகிறேன்.

பெயர் ராக்ன்ஹில்ட் மிக்லெபுஸ்ட். நார்வே நாட்டுக்காரர். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். 1988-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த குளிர்கால பாராலிம்பிக் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 44! கடைசியாக 2002-ல், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பந்தயத்துக்கு வந்தபோது 58. இடையில் வாங்கிக் குவித்த பதக்கங்கள் 27. அதில் தங்கம் மட்டுமே 22. மூக்கில் விரல் வைக்கத் தோன்றுகிறதல்லவா?

சறுக்குக் கட்டைகள் மேல் ஒரு இருக்கை. அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் கோல்களைப் பிடித்துப் பனியில் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். மேடு வந்தாலும் கைதான், தோள்தான்! அதிலும் கிலோமீட்டர் கணக்கில்.

உடல் ஊனமுற்றவர்களுக்கான இந்தக் குளிர்காலப் போட்டி முதலில் நடந்தது 1976-ல், ஸ்வீடனில். பதினாறு நாடுகள் வந்தன. அப்போது கை, கால் இழந்தவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மட்டுமே இடம். உட்கார்ந்து சறுக்குகிறவர்களுக்குக் கதவு திறந்தது பிறகுதான்.

கண் தெரியாதவர் எப்படிச் சறுக்குவார் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. முன்னால் ஒரு வழிகாட்டி குரல் கொடுத்துக்கொண்டே போக, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால் வருகிறார். துப்பாக்கி சுடும் பந்தயமும் உண்டு! காதில் மாட்டிய கருவியில் ஒலி கேட்கும். குறி நடுப்புள்ளியை நெருங்க நெருங்க, சுருதி ஏறும். காதாலேயே குறி பார்க்கிறார்கள்!

2006-ல் இத்தாலியின் டூரின் நகரில் வீல்சேர் கர்லிங் சேர்ந்தது. ஏறக்குறைய இருபது கிலோ கல்லைப் பனித்தரையில் தள்ளிவிடும் ஆட்டம். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். சாதாரண கர்லிங்கில் கல்லுக்கு முன்னால் தரையைத் தேய்த்துப் பெருக்குவார்கள். இங்கே அது கிடையாது. பெருக்குகிற வேலை மிச்சம்!

இதையெல்லாம் படித்தபோது என்னை உறுத்தியது 'பாவம்' என்கிற நம்முடைய சொல்தான். கால் சரியில்லாத குழந்தையிடம், "நீ பேசாம உட்காரு கண்ணு, அம்மா எடுத்துத் தரேன்" என்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் தினம் தினம் கேட்கிற குழந்தை, தன்னால் எதுவும் ஆகாது என்றே நம்பிவிடுகிறதே!

அப்படிப்பட்ட குழந்தை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், என்ன பயிற்சி ஏற்றது என்று டாக்டரையோ பிசியோதெரபி நிபுணரையோ கேளுங்கள். பதக்கம் வராவிட்டால் போகட்டும். தன் தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கிற தெம்பு வந்தால், அதுவே நம் வீட்டுத் தங்கம்!