பற்றாசும் அதன் எச்சமும்

பொற்கொல்லர் இரு பொற்றுண்டுகளைப் பற்றாசிட்டு இணைக்கும்போது பொருத்தின்மீது வெங்காரத்தைக் கரைத்துப் பூசுவர். தீயிலே அவ்வெங்காரம் உருகி, உலோகத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையைக் கரைத்து விலக்குகிறது. காற்றையும் அண்டவிடாது காக்கின்றது. அதனாலன்றோ பற்றாசு பொருத்தினுள் ஓடிப் பற்றுகிறது! ஆயினும், வேலை முடிந்தவுடன் நகையை அப்படியே உரியவர் கையிற் கொடுத்துவிடும் வழக்கம் இல்லை. ஆறிய வெங்காரம் கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். புளிநீரிலோ ஐதான அமிலத்திலோ இட்டுக் காய்ச்சி அதனை நீக்கிய பின்னரே மெருகிடுவர். பற்றவைத்தல் ஒரு வேலை, பற்றவைத்த பின் துப்புரவாக்கல் மற்றொரு வேலை என்பது அத்தொழிலிலே தலைமுறைகளாக அறிந்த செய்தி.

வானொலிப் பெட்டியைத் திருத்துவோரும் இதே தொழிலையே வேறொரு பொருளிற் செய்கின்றனர். அவர்கள் கையாளும் பற்றாசு, வெள்ளீயமும் ஈயமும் கலந்த கம்பி. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் உருகும். ஐரோப்பிய நாடுகள் 2006 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாளிலிருந்து மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதன் பின்னர், வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் சேர்ந்த கலவை பரவலாயிற்று. அது உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். எந்தக் கலவையாயினும், செம்பின் மேலுள்ள ஒட்சைட்டு அகலாவிடிற் பற்றாது; மணி மணியாய்த் திரண்டு உருண்டோடிவிடும். ஆகவே இங்கும் வெங்காரத்தைப் போன்ற ஓர் இளக்கி தேவைப்படுகிறது. கடைக்காரர் அதனைப் ‘பிளக்ஸ்’ என்றே சொல்வர்.

மின்னணுத் தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் இளக்கி ரோசனம் ஆகும். பைன் மரத்திற் பட்டையைக் கீறி வடிக்கும் பாலைக் காய்ச்சி வடித்தால் தேர்ப்பன்தைலம் ஆவியாய்ப் பிரிந்து செல்ல, எஞ்சுவது இந்தப் பொன்னிறக் கட்டி. வயலின் வித்துவான் வில்லுக்குத் தேய்த்துக்கொள்வதும் இதுவே. மாத்தளை மலைச்சாரல்களிலே வனத் திணைக்களம் நட்ட பைன் மரங்களைக் கண்டோர் பலர். அவ்வினத்து மரங்களிலிருந்து இலங்கையிலும் பால் வடிக்கப்படுகின்றது. ரோசனத்தின் சிறப்பு யாதெனில், சூட்டிலே அது அமிலமாகத் தொழிற்பட்டு ஒட்சைட்டை நீக்கும். ஆறியதும் உறைந்து, மின்னைக் கடத்தாத படலமாய் அடங்கிவிடும். வேலை செய்யும்போது விழித்து, முடிந்ததும் உறங்கும் வேலைக்காரன் என அதனைச் சொல்லலாம்.

தூய ரோசனத்தோடு காரியம் முடிந்துவிடின் இப்பேச்சுக்கே இடமில்லை. பழைய, கறுத்துப்போன செம்பிற் பற்றாசு விரைந்து ஓடுவதற்காக உற்பத்தியாளர் அதனுடன் வேறு அமிலங்களையும் குளோரைட்டு முதலிய உப்புக்களையும் சேர்க்கின்றனர். இவை அயன்களாகப் பிரியவல்லவை. ஆறிய பின்னும் முற்றாக உறங்குவதில்லை. இனித் தகரவேலை செய்வோரின் இளக்கி ஒன்று உண்டு. நாகக் குளோரைட்டும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் தூவும் நவச்சாரமும் அதன் உறுப்புக்கள். வாளிக்கும் பீலிக்கும் அது நன்று. வானொலிக்கு அது நஞ்சு. அவசரத்துக்கு அதனைத் தொட்டுப் பற்றவைத்த பலகையில் செம்புக் கோடுகள் சில மாதங்களிற் பச்சை பூத்து அரிபட்டுப் போகும்.

பற்றாசுக்குப் பின் பழுப்பாய் எஞ்சும் இப்பிசின் ஏன் தீங்கு செய்கிறது என்பதை நாவுலையின் பருவங்களோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் உள்ள ஊர் அது. மலைநாடு முடிந்து வரள்வலயம் தொடங்கும் எல்லைப் பகுதி. ஆடி ஆவணியிலே நிலம் வெடிக்கக் காயும். ஐப்பசி பிறந்தால் மழை கொட்டத் தொடங்கி, மார்கழி வரையிலும் வீட்டுச் சுவரும் ஈரம் பாரிக்கும். இத்தகைய ஊரில் ஆவணியில் திருத்திய பெட்டி ஐப்பசி வரை குறையின்றிப் பாடும். மழை பிடித்த பின்னரோ கரகரக்கும், திடீரென ஓயும், சிறிது நேரம் சூடேறினால் மீண்டும் பாடும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காய் இயங்கி, உரியவரைப் பொய்யராக்கிவிடும்!

வானொலி ஓய்ந்தால் ஒரு நிகழ்ச்சி போயிற்று என்று இருந்துவிடலாம். மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்துக் கிராமங்களில் யானை வேலிக்கு மின் கொடுக்கும் பெட்டியும் இத்தகைய பலகையாலேயே ஆனது. 12 வோற்று பற்றரியிலிருந்து பல்லாயிரம் வோற்று அழுத்தமுள்ள துடிப்புக்களை ஏறத்தாழச் செக்கனுக்கு ஒன்றாக அது கம்பியில் ஏற்றுகின்றது. மழை இரவிலே அந்தப் பெட்டி ஓய்ந்துவிடின், சேனைப்பயிரும் குடிசையும் காவலின்றி நிற்கும். வேலியை நம்பி உறங்குவோர் அதனை விடியும் வரை அறியமாட்டார்.

உள்ளே நிகழ்வது இது: பலகையிலே அருகருகாக இரு செம்புக் கோடுகள் உள்ளன, ஒன்று நேர்முனையோடும் மற்றது மறைமுனையோடும் தொடுக்கப்பட்டவை. இடையிலே இளக்கியின் எச்சம் பரந்திருக்கிறது. காற்றின் ஈரத்தை அவ்வெச்சம் உறிஞ்ச, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று உண்டாகிறது. உப்புக் கரைந்த அந்நீர் மின்னைக் கடத்தும். அம்மட்டோ? நேர்முனையின் உலோகம் அணுவணுவாய்க் கரைந்து, நீர்ப்படலத்தின் வழியே சென்று, மறைமுனையில் மீண்டும் உலோகமாய்ப் படிகிறது. அப்படிவு பன்னத்தின் இலைபோலக் கிளைவிட்டு நேர்முனையை நோக்கி வளரும். எதிர்க்கரையைத் தொட்டவுடன் குறுஞ்சுற்று ஏற்படும். மென்மையான அவ்விழை அம்மின்னோட்டத்தாலேயே எரிந்து அறும். பின்னர் மறுபடியும் வளரத் தொடங்கும். குறை வருவதும் மறைவதுமாய் இருப்பதன் இரகசியம் இதுவே. ஈரம், அயன், மின்னழுத்தம் என்னும் மூன்றில் ஒன்று இல்லையாயினும் இது நிகழாது. மழையை நிறுத்த எவராலும் இயலாது. அழுத்தமின்றிக் கருவி இயங்காது. அகற்றத்தக்கது அயன் ஒன்றே. விரலின் வியர்வையிலுள்ள உப்பும் இதே தீங்கைச் செய்யும் என்பதால், கழுவிய பலகையை விளிம்பிற் பிடித்து எடுப்பதே முறை.

‘எங்கள் தந்தையார் காலத்து வானொலியை எவர் கழுவினார்?’ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தென்னிந்தியாவெங்கும் கேட்டு மகிழ்ந்த 1950களில், வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் வால்வுகளால் ஆனவை. அவற்றிலே பொருத்துக்கள் விரலிடை வெளியில் அமைந்திருந்தன. பெட்டியின் சூடே ஈரத்தை ஓட்டிவிடும். இன்றைய கைத்தொலைபேசியின் பலகையில் கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளி மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவே. பன்ன இலை கடக்கவேண்டிய தூரம் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது.

இனிக் கழுவும் முறை. ரோசனம் நீரிற் கரையாது, அற்ககோலிற் கரையும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் என்பது இதற்கு ஏற்றது. மருந்துக்கடையில் புண் துடைக்க விற்கும் 70 வீதக் கரைசலில் எஞ்சியது நீராதலால், 90 வீதத்துக்கு மேற்பட்டதைத் தேடி வாங்குதல் நன்று. பெற்றோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். தின்னர் பிளாத்திக்கு உறுப்புக்களை உருக்கும்.

பெரும்பாலோர் தவறுவது கரைப்பானைத் தெரிவதில் அன்று, அதனைக் கையாள்வதில். பஞ்சை நனைத்துப் பொருத்தின் மேல் இருமுறை தேய்க்கின்றனர்; பழுப்பு மறைகிறது; பலகை பளிச்சிடுகிறது. ஆனால் எச்சம் எங்கே போயிற்று? அற்ககோலிலே கரைந்தது, அற்ககோல் பறந்தது, கரைந்தது பறக்கவில்லை. முன்னர் ஒரு பொருத்தைச் சுற்றி நின்ற பிசின், இப்போது பலகை முழுவதும் மெல்லிய படலமாய்ப் பரவி, முன் எட்டாத இடங்களையும் எட்டியிருக்கிறது. அதுவுமன்றி, அயன்களைத் தன்னுள் மூடி வைத்திருந்த ரோசனம் குலைந்துபோக, உப்பு வெளிப்பட்டு வெள்ளைப் பொடியாய்ப் பூக்கும். அரைகுறையாய்க் கழுவிய பலகையை விடக் கழுவாத பலகையே மேல் என்று தொழிலறிந்தோர் கூறுவது இதனாலேதான். கரைப்பது வேறு, அகற்றுவது வேறு.

ஆகவே முதலிற் பற்றரியையும் மின்னிணைப்பையும் கழற்றி, கொள்ளளவிகளில் தேங்கிய மின்னை இறக்கிவிட வேண்டும். பலகையைச் சரித்துப் பிடித்து, அற்ககோலைத் தாராளமாய் ஊற்றி, குட்டையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். கரைந்த அழுக்கு ஒரு மூலையால் வடிந்து கடதாசியிலோ துணியிலோ ஊறட்டும். பின்பு புதிய அற்ககோலால் மற்றுமொரு முறை அலசவேண்டும். இவ்விரண்டாவது அலசலையே பலர் செலவெனக் கருதி விட்டுவிடுகின்றனர்; உண்மையிற் பயன் தருவது அதுவே. அழுக்குத் தூரிகையை நல்ல போத்தலுக்குள் தோய்க்கலாகாது. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு, ஆளிகள், ஒலிகூட்டும் திருகு, ஒலிவாங்கி ஆகியவற்றில் கரைப்பான் புகாதவாறு காத்தலும் அவசியம். பிசின் உள்ளே போய்த் தொடுமுனைகளில் உறைந்தால் புதிய குறை ஒன்றைத் தேடிக்கொண்டதாகும்.

‘கழுவத் தேவையில்லை’ என்னும் பெயரோடு வரும் இளக்கி அண்மைக் காலத்தில் எங்கும் பரந்துள்ளது. அதன் எச்சம் குறைவு; முழுச் சூடு பெற்றால் தீங்கற்றதாய் அடங்கும். அந்த ‘முழுச் சூடு’ என்னும் நிபந்தனையே மறக்கப்படுகிறது. தொழிற்சாலையின் அடுப்பிலே பலகை முழுதும் சூடேறும். கடையிலோ ஊசிக்குழாயால் தாராளமாய்ப் பிதுக்கிய பசையில் ஒரு பகுதியே பற்றாசுக்கோலின் சூட்டைப் பெறும். மற்றது பச்சையாகவே சில்லுகளின் அடியில் ஓடி ஒளியும். அங்கே அது விழித்தபடியே இருக்கும்.

நீரிற் கரையும் இளக்கியும் உண்டு. அது வீரியம் மிக்கது. கழுவாது விடுதற்கு ஒருபோதும் உரியதன்று. வரள்வலயக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர் என்பதைக் கேத்தலின் அடியிற் படியும் வெண்சுண்ணமே காட்டும். அந்நீராற் கழுவின் ஓர் உப்பை நீக்கி இன்னோர் உப்பை இட்டதாகும். கடைசி அலசலுக்காவது பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் வேண்டும்.

இச்சிறு வேலை ஒருகாலத்தில் உலகப் பிரச்சினையொன்றில் பங்குகொண்டது என்பது வியப்பான செய்தி. பெருந் தொழிற்சாலைகள் பலகைகளைக் கழுவுவதற்கு சி.எப்.சி. 113 என்னும் திரவத்தைப் பெருமளவிற் பயன்படுத்தின. அது தீப்பற்றாது, விரைந்து உலரும், பிளாத்திக்கைக் கெடுக்காது. குறையே இல்லாத கரைப்பானென மெச்சப்பட்டது. அவ்வினப் பொருள்கள் மேல் வளிமண்டலத்தை அடைந்து ஓசோன் படையை அழிக்கும் என்பதை 1974 இல் மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எடுத்துக் காட்டினர். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989 இல் அதிற் சேர்ந்தது. முன்னேறிய நாடுகள் 1995 முடிவோடு அப்பொருளை உற்பத்தி செய்வதை நிறுத்தின. வளரும் நாடுகளுக்கு 2010 வரை தவணை கிடைத்தது. மாற்றுத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று தோடம்பழத் தோலின் எண்ணெய். பைன் பாலின் பிசினைத் தோடம்பழத் தோலின் சாறு கரைக்கிறது.

சிறு கடையில் நிலைமை வேறு. அங்கே கையாளப்படும் அற்ககோல் எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவி மேசையோரமாய்த் தவழ்ந்து, எரியும் ஊதுபத்தியையோ சூடான பற்றாசுக்கோலையோ தேடிச் செல்லும். கழுவும்போது கோலை அணைத்து யன்னலைத் திறந்து வைத்தல் வேண்டும். ரோசனப் புகையை நாள்தோறும் முகர்வோருக்கு ஈளை நோய் உண்டாவது மருத்துவர் அறிந்த உண்மை. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் வெற்றிலை மடிப்பதும் ஆகாது.

கழுவி முடித்த பலகையை வெதுவெதுப்பான இடத்தில் நன்றாக உலரவிட்டு, சில்லுகளின் அடியிலும் ஈரம் நீங்கிய பிறகே மின் கொடுக்கலாம். வேலிப் பெட்டி போல வெளியில் நிற்பவற்றுக்குக் காப்பு வார்னிசு பூசுவது நல்ல வழக்கம். ஆனால் எச்சத்தின் மேலே பூசின், ஈரம் நாளடைவில் வார்னிசை ஊடுருவிச் சென்று, அங்குள்ள உப்போடு கூடிக் கொப்புளமாய் எழும்பும். உள்ளே வளரும் இழையைத் தூரிகையும் எட்டாது. அழுக்கேறிய அற்ககோலைக் கானிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடியுள்ள தனிப் போத்தலிற் சேர்த்து வைத்தல் வேண்டும்; அதிலே ஈயமும் கலந்திருக்கிறது.