சொல்லால் ஓடிய கப்பல்

புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு மாலை நாம் உலாவிக் கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். கைத்தறித் துணி வியாபாரம் செய்பவர். அவருடைய கடையை நம்பி நெசவாளர் குடும்பங்கள் சில வாழ்கின்றன. க்ஷேம சமாசாரங்கள் விசாரித்து முடிந்ததும் அவர் மெள்ள விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் கூட்டிக் கைத்தறியின் பெருமையைப் பேசலாம் என்று கடைப் பையன்கள் சொல்லுகிறார்கள். பேசினால் துணி விற்குமா? அல்லது தொண்டை வற்றியதுதான் மிச்சமாகுமா?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. எதிரே கடல் விரிந்து கிடந்தது. இதே கீழைக் கடற்கரையில், தெற்கே தூத்துக்குடியில், பேச்சின் பலத்தால் ஒரு கப்பல் கம்பெனி ஓடிய கதை நினைவுக்கு வந்தது. அதையே அவருக்குச் சொன்னோம். நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்வது அந்நாளில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டில் பிறந்து, வக்கீல் தொழில் நடத்தி வந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அதை எதிர்க்கத் துணிந்தார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார்.

மற்றப் பங்குகளுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. அதற்குச் சிதம்பரம் பிள்ளை கையாண்ட முக்கியமான சாதனம் பிரசங்கம். இன்று நமக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அந்நாளில் கற்றறிந்தோர் பொதுக்கூட்டம் கூடினால் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். பாதிரிமார் தமிழில் மதப் பிரசங்கம் செய்தனர். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சமயத்துக்கென்று பழகிய அந்தத் தமிழ்ப் பிரசங்கம், சுதேசி இயக்கத்தின் காலத்தில்தான் அரசியலுக்கும் வர்த்தகத்துக்கும் உரிய கருவியாயிற்று. மூட்டை தூக்குவோரும், ஆலைத் தொழிலாளரும், கடைக்காரரும் ஒரே மணற்பரப்பில் அமர்ந்து, தங்கள் சொந்தப் பாஷையில் ஒரு கம்பெனியின் நோக்கத்தைக் கேட்டார்கள்.

அந்த நோக்கத்தில் லாபம் மட்டும் இருக்கவில்லை. நம்மவருக்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் பயிற்சி அளிப்பதும் கம்பெனியின் பிரகடனத்திலேயே சேர்ந்திருந்தது. ஆகவே சிதம்பரம் பிள்ளை தேசத்தைப் பற்றிப் பேசினால் அது வியாபாரத்தைப் பற்றிய பேச்சாகவும் ஆயிற்று. "தேசத்தை நேசியுங்கள்" என்று மட்டும் சொன்னால் கேட்டவன் கண்ணைத் துடைத்துக் கொண்டு வீடு திரும்புவான். "ஒரு பங்கு வாங்கு, கொழும்புக்குப் போனால் நம் கப்பலில் ஏறு" என்று சொன்னாலோ, மறுநாள் காலையில் செய்வதற்கு அவனுக்கு ஒரு காரியம் இருக்கிறது.

வாடகைக்குப் பிடித்த கப்பல்களை நம்ப முடியாதென்று கண்டதும், கம்பெனி சொந்தக் கப்பல்களையே வாங்கிற்று. 1907-ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியா என்பது பிரான்ஸ் தேசத்துக்குப் பண்டை ரோமர் வழங்கிய பெயர். பிரெஞ்சுக்காரரோடு நெடுங்காலம் பழகிய நம் புதுச்சேரிக்கு இதில் ஒரு சிறு உறவு உண்டென்று நண்பரிடம் சொன்னோம். அவர் புன்னகை புரிந்தார்.

எதிரிக் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது, சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. முடிவில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்குக் குடை கொடுப்பதாகவும் வெள்ளைக்காரக் கம்பெனி ஆசை காட்டியதாகச் சொல்வார்கள். சும்மா கொடுப்பவனுடன் விலையில் போட்டியிட எந்த வியாபாரியாலும் முடியாது. அந்தச் சமயத்தில் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறும்படி ஜனங்களைத் தூண்டியது அவர்கள் காதில் விழுந்த சொல்லேயாகும்.

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவாவும் வந்து சேர்ந்தார். பிப்ரவரி மாதக் கடைசியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, இருவரும் அவர்கள் பக்கம் நின்று பேசினர். தொழிலாளர் வெற்றி பெற்றனர். கப்பலுக்காகப் பேசிய நாவு கூலிக்காரனுக்காகவும் பேசத் தொடங்கியதும் சர்க்கார் விழித்துக் கொண்டது. மார்ச் 12-ந் தேதி இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தன. ஜூலை 7-ந் தேதி சிதம்பரம் பிள்ளைக்கு ஜன்ம தண்டனை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டு என்ன? ராஜத்துரோகமான பேச்சு! தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. ஆயினும் 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது கம்பெனி இல்லை. 1911-ஆம் ஆண்டிலேயே அது கலைக்கப்பட்டு விட்டது.

இவ்விடத்தில் நண்பர் குறுக்கிட்டார். "அப்படியானால் அந்தப் பேச்சே கம்பெனிக்கு எமனாக வந்ததல்லவா?"

நியாயமான கேள்விதான். பேசாதிருந்தால் சிதம்பரம் பிள்ளை சிறை சென்றிருக்க மாட்டார். ஆனால் பேசாதிருந்தால் கப்பலும் வந்திருக்காது. குறை வேறிடத்தில் இருந்ததென்று நாம் கருதுகிறோம். பேசியவர் வாய் அடைபட்ட பின் அந்தப் பேச்சைத் தொடர்ந்து நடத்தப் போதுமான பேர் முன் வரவில்லை. கைதட்டிய கரங்கள் பல. கஷ்ட காலத்தில் கம்பெனியைத் தாங்கிய கரங்கள் சில.

நம் ஊரிலும் இதற்கு இணையான ஒரு சம்பவம் உண்டு. சுதேசிக் கப்பலுக்கு ஆதரவு தேடிச் சென்னையில் எழுதி வந்த பாரதியார், 1908-ஆம் ஆண்டில் இங்கே அடைக்கலம் புகுந்தார். அவருடைய 'இந்தியா' வாரப் பத்திரிகையும் அதே ஆண்டில் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. பிரெஞ்சு ராஜ்யத்தில் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் அளித்திருந்தது. ஆகவே இங்கே தாராளமாக அச்சிடலாம். ஆனால் சந்தாதாரரில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் ஆங்கிலேய ராஜ்யத்தில் இருந்தார்கள். அங்கே பத்திரிகை நுழையத் தடை வந்ததும் 1910-ஆம் ஆண்டில் 'இந்தியா' நின்று போயிற்று. தூத்துக்குடியில் வழி இருந்தது, வாயை அடைத்தார்கள். புதுச்சேரியில் வாய் இருந்தது, வழியை அடைத்தார்கள்.

இந்த இரு பாடங்களுக்கும் பிறகு வந்தவர் காந்தியடிகள். கடற்கரையில் அவருடைய சிலை இருக்கும் திசையை நண்பருக்குக் காட்டினோம். 1927-ஆம் ஆண்டில் கதருக்காக அவர் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தார். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஹரிஜன நிதிக்கான யாத்திரையில், புதுச்சேரிக்கும் வந்து பேசினார். அடிகளின் பேச்சில் ஆரவாரம் இராது. பேசி முடித்ததும் நிதிக்குக் கை நீட்டுவார். தமக்கு அளித்த பரிசுப் பொருள்களை அங்கேயே ஏலம் போடுவார். கதரைப் பொறுத்த வரையில், 1925-ஆம் ஆண்டிலேயே அகில பாரதச் சர்க்கா சங்கம் ஏற்பட்டிருந்தது. பஞ்சு கொடுக்கவும், நூல் வாங்கவும், துணி விற்கவும், கணக்கு எழுதவும் அதில் ஊழியர் இருந்தனர். ஆகவே அடிகள் சிறையில் இருந்த காலத்திலும் கதருக்காகப் பேசவும் உழைக்கவும் ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள்.

"ஆகையால் பேசுங்கள்" என்று நண்பரிடம் சொன்னோம். "ஆனால் மேடைக்குப் போகும்போது துணியையும் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். ஒரு வேஷ்டியின் விலையில் நெசவாளிக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் ஒருவரே பேசாமல் நெய்கிறவரையும் பேசச் செய்யுங்கள். ஒரு குரல் ஓய்ந்தாலும் காரியம் ஓயக் கூடாது."

நண்பர் சற்று யோசித்தார். "எல்லாம் சரி, ஐயா. கேட்பவர்கள் வாங்க வேண்டுமே?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நேயர்கள்தாம். சிதம்பரம் பிள்ளை தம் பங்குக்குப் பேசிச் சிறையும் சென்றார். கேட்பவர் பங்கு அன்று நிறைவேறாமல் நின்றுவிட்டது. நம்மைப் பொறுத்தவரை, இவ்வளவு நேரம் பிரசங்கம் செய்த பிறகு வெறுங்கையுடன் வீடு திரும்ப வெட்கமாயிருந்தது. நண்பருடன் கடைக்குச் சென்று ஒரு ஜோடி வேஷ்டி வாங்கிக் கொண்டோம். ரொக்கம் கொடுத்துத்தான்!