ராத்திரிச் சிங்க இறாலும் மூன்றாவது சிலிண்டரும்

கடற்பொருள் வியாபாரத்தில் இருக்கும் நம் சகோதரர்களிடம் சிங்க இறால் என்று சொல்லிப் பாருங்கள், உடனே காதை நீட்டுவார்கள். உயிரோடு விமானம் ஏறினால் ஒரு விலை. செத்து ஐஸில் போனால் பாதியும் தேறாது. ஒரு மீசை முறிந்திருந்தாலே வாங்குபவன் முகத்தைத் திருப்பிக் கொள்வான். நம் வீட்டுச் சட்டியில் இது ஏறுவது அபூர்வம். ஆனால் இந்தப் பொருளைக் கடலின் அடியிலிருந்து யார், எந்த நேரத்தில், எப்படி எடுத்து வருகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. சரக்கு கரைக்கு வந்த பிறகுதான் நமக்குக் கணக்கே ஆரம்பமாகிறது.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எனக்குச் சரக்குத் தரும் படகு ஒன்று உண்டு. புங்குடுதீவைப் பற்றி வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் ஒரு காலத்தில் கடை வைத்திருந்தவர்களில் அந்த ஊர்க்காரர் எத்தனை பேர்! அவர்களின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். ஊரில் பூட்டிய வீடுகள் அதிகம். கடலை விடாமல் பிடித்துக் கொண்டவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில் இரண்டு பேரோடு ஓர் இரவு நானும் படகில் போனேன்.

ஏன் இரவு? பகலில் சிங்க இறால் கல் இடுக்கில் பின்பக்கத்தைச் செருகிக் கொண்டு மீசையை மட்டும் வெளியே நீட்டும். இருட்டிய பிறகுதான் இரை தேடி வெளியே நடக்கும். டோர்ச் வெளிச்சம் பட்டால் கண் தணல் போல மின்னும், அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். மீசையைப் பிடித்தால் முறித்துக் கொண்டு ஓடிவிடும். அதனால் கையுறை போட்டுக் கொண்டு முதுகோட்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஈட்டியால் குத்தினால் சரக்குப் போச்சு. மேலே படகில் இருக்கும் பையன் தண்ணீருக்குள் நகரும் வெளிச்சத்தையும் மேலே வரும் குமிழியையும் பார்த்துக் கொண்டே மெதுவாகப் பின்னால் போக வேண்டும். அவன் கண் அசந்தால் கீழே இருப்பவன் எங்கோ எழும்பி இருட்டில் கத்திக் கொண்டு நிற்பான்.

முதுகில் கட்டுவதை எல்லோரும் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்கிறார்கள். அது ஒட்சிசன் அல்ல, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுத்தான், அழுத்தி அடைத்திருக்கிறது. வியாபாரிக்குப் புரிகிற மாதிரி கணக்குச் சொல்கிறேன். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2,400 லீற்றர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஆள், 10 மீற்றர் ஆழத்தில் 40 லீற்றர் இழுப்பான். 20 மீற்றரில் 60. ஆக, 10 மீற்றரில் ஒரு மணித்தியாலம் ஓடும் சிலிண்டர் 20 மீற்றரில் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு மிச்சம் வைப்பதையும் கழித்துப் பாருங்கள்.

இப்போது முதலாளியின் கணக்கு. படகு, எஞ்சின் எண்ணெய், பையனின் கூலி எல்லாம் முதல் சிலிண்டரிலேயே செலவாகிவிட்டன. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது சிலிண்டருக்கு மேலதிகச் செலவு காற்று அடைக்கும் காசு மட்டும். பிடிபடுவதெல்லாம் லாபம்! சுழியோடுபவனும் முற்பணம் வாங்கியிருக்கிறான், கிலோக் கணக்கில் கழிய வேண்டும். 'தம்பி, இன்னும் ஒருதரம் இறங்கன்' என்று ஒருவர் சொன்னால் அவன் மறுக்க மாட்டான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் உடம்பிலும் கரைகிறது. நிறைய நேரம், நிறைய ஆழம், திரும்பத் திரும்ப இறங்குவது எல்லாம் அதைக் கூட்டும். மெதுவாக எழும்பினால் மூச்சோடு வெளியேறும். அவசரமாக எழும்பினால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளே குமிழியாகும். மூட்டு வலிக்கும். முள்ளந்தண்டைப் பாதித்தால் இடுப்புக்குக் கீழே உணர்வு போகும், சிறுநீர் போகாது. இதை 'காற்றுப் பிடித்தது' என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டு வீட்டில் கிடந்தால் நேரம் வீணாகும். உடனே சுத்தமான ஒட்சிசன் கொடுக்க வேண்டும், பிறகு அழுத்த அறையில் வைக்க வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அந்த வசதி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அது 200 கிலோமீற்றருக்கு மேல்.

தீவுப் பகுதியில் ஆழம் குறைவு, பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது என்பது உண்மைதான். அதனால்தான் பொடியன்களுக்குத் துணிவும் அதிகம். ஆனால் இங்கே பழகியவர்கள்தான் சரக்குக் குறையும்போது முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போகிறார்கள். அங்கே கடல் வேறு.

உலகத்தில் இதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் ஹொண்டுராஸ் நாட்டின் மிஸ்கிட்டோ மக்கள் தலைமுறையாகச் சிங்க இறால் எடுக்கச் சுழியோடுகிறார்கள். பிடித்த பொருளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகும். ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப இறக்கப்பட்டுக் கால் விழுந்தவர்கள், இறந்தவர்கள் ஏராளம். அவர்களில் 42 பேரின் வழக்கு கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கம்பனிகள் செய்ததைக் கண்காணிக்காத அரசே பொறுப்பு என்று முடிந்தது. கவனியுங்கள், அங்கும் முற்பணம்தான், அங்கும் எடைக் கணக்குத்தான்.

அதனால் நான் இறுப்பிட்டிப் படகோடு வேறு மாதிரிப் பேசிக் கொண்டேன். ஓர் இரவுக்கு ஆளுக்கு இரண்டு சிலிண்டர், அதற்கு மேல் எடுத்த சரக்கை நான் வாங்குவதில்லை. மொத்தக் கிலோவுக்கு ஒரே விலை கிடையாது. மீசையும் காலும் முழுதாக, உயிரோடு வந்ததற்குக் கூடுதல் விலை. முற்பணத்தைச் சரக்கில் கழிப்பதில்லை, மாதத் தவணையில் கழிக்கிறோம். முதல் மாதம் எடை குறைந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் சாகும் சரக்கும் குறைந்தது. களைத்த ஆள் இறாலை நசுக்கித்தான் பிடிப்பான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஈர மரத்தூளும் உறைந்த தண்ணீர்ப் போத்தலும் வைத்து றெஜிபோம் பெட்டியில் அடுக்குவதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அடிபட்ட இறால் கொழும்பு போய்ச் சேராது.

சினைப் பெட்டையையும் ஓடு கழற்றிய மெத்தென்ற இறாலையும் தொடாதீர்கள். இரண்டையும் பிடிப்பதே நம் நாட்டில் குற்றம். எதிர்க்கரையில் இந்தியா 2003 இலேயே ஏற்றுமதிக்கு இனத்துக்கு ஏற்ப 150 கிராம் முதல் 500 கிராம் வரை குறைந்தபட்ச எடை வைத்துவிட்டது. சின்னதைக் கடலில் விட்டால் நாளைக்கு அது பெரிய விலை. சங்கு குளித்து வங்காளத்துக்கு வளையலுக்கு அனுப்பிய கடல் இது. அதில் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று பழையவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018 இல் வடமராட்சி கிழக்கில் வெளி மாவட்டத்திலிருந்து வந்து கடலட்டை பிடித்தவர்களுக்கு எதிராக உள்ளூர்க் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ராத்திரி வெளிச்சம் பாய்ச்சிச் சுழியோடியதும் அந்த மனக்கசப்பில் ஒன்று. முதல் போட்டவர்கள் தூரத்தில் இருந்தார்கள், கரையில் நின்றவர்கள்தான் முகம் கொடுத்தார்கள். நாம் எந்த ஊர்க் கடலில் காசு போட்டாலும் முதலில் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போய்ப் பேச வேண்டும். மீன்பிடித் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை, ராத்திரித் தொழில் உட்பட, வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இறுப்பிட்டிப் படகில் மூத்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். 'நானா, உங்களுக்குப் பெட்டி வாங்கத் தெரியுது, எங்களுக்கு ஒரு ஒட்சிசன் போத்தல் வாங்கித் தரேலாதா?' சுத்தமான ஒட்சிசன் போத்தலும் முகமூடியும் இப்போது படகில் இருக்கின்றன. அதன் விலையைப் பெட்டிச் செலவோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.